ஊர் விசாரித்த ஐந்து நிமிடம்

1

மார்ச் மாதத்தில் ஒரு நாள் எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டுவார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. இனப்பாகுபாட்டை ஒழிக்க வேண்டும் என்று நினைவூட்டுவதற்காக உலகம் ஒதுக்கிவைத்திருக்கும் நாள் அது. உலக வரைபடத்தின் வடிவில் கேக், கண்டத்துக்கு ஒரு நிறத்தில் கிரீம். இந்த முறை ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதி எனக்குக் கிடைத்தது. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு எல்லோரையும் போலக் கைதட்டினேன். ஆனால் கேக்கைத் தொடவில்லை.

நான் இருப்பது நெதர்லாந்தில், ஹேக் நகரத்தில். நாடுகளுக்கு நடுவே வரும் வழக்குகளைத் தீர்க்கும் நீதிமன்றம் இந்த ஊரில்தான் இருக்கிறது. வேலைக்குப் போகும் டிராமில் உட்கார்ந்தால் அதன் கோபுரம் தெரியும். சென்னையிலிருந்து யார் வந்தாலும் அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. என் சம்பள வேலை வேறு. கப்பல் சரக்குக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனிக்குத் தேனாம்பேட்டையில், அண்ணா சாலைமேலேயே ஒரு கிளை உண்டு.

வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இவ்வளவு காலத்தில் இங்கே நான் பட்ட அவமானங்களைப் பற்றி எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். அவற்றில் பல உங்களுக்கும் கேட்டுப் பழகியவைதான். இப்போது எழுதப்போவது அதைப் பற்றி அல்ல. இதில் வெள்ளைக்காரர் யாரும் தப்பு செய்யவில்லை. அதனாலேயே எனக்கு எரிச்சல் இன்னும் கூடுதலாக இருக்கிறது.

2

என்னுடைய வேலை மறைப்பது. யாராவது வேலைக்கு விண்ணப்பித்தால், அவருடைய பெயர், படம், வயது, முகவரி, நாடு எல்லாவற்றின்மேலும் கறுப்புப் பட்டை போட்டு மறைத்துவிட்டுத்தான் தேர்வுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பெயரைப் பார்த்த உடனே ஒரு மனு குப்பைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகப் பல நாடுகளில் கடைப்பிடிக்கிற முறை இது. எங்கள் கம்பெனி இதற்கென்று ஒரு சர்வதேச சாசனத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டியும் வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பிய மனுக்களைக் கணினியே மறைத்துவிடும். நம் ஊர் பயோடேட்டாவிடம் அது தோற்றுப்போகிறது. அப்பா பெயர், அப்பா தொழில், பூர்வீகம், மதம், சாதிப் பிரிவு என்று நாம் எதையும் விட்டுவைப்பதில்லை. அரசாங்கப் படிவம் நிரப்பியே வளர்ந்த கை அப்படித்தான் எழுதும். கடைசியில் மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதிமொழி வேறு. தேனாம்பேட்டையிலிருந்து வரும் மனுக்களை மட்டும் நான் உட்கார்ந்து கையால் மறைப்பேன். பள்ளிக்கூடத்தின் பெயரையும் சேர்த்து மறைத்துவிடுவேன்.

என் மேலதிகாரி அன்னெக் ஒருநாள் கேட்டாள்.

"பள்ளியின் பெயரை ஏன் மறைக்கிறாய்? பட்டியலில் அது இல்லையே?"

அது மாநகராட்சிப் பள்ளி என்று சொல்ல வாயெடுத்தேன். அதனால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். "பெயர் ரொம்ப நீளமாக இருந்தது" என்று சொல்லிச் சமாளித்தேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

3

இந்த மறைக்கும் முறையையே எங்கள் கம்பெனிக்குக் கொண்டுவந்தவர் ஸ்ரீராம் சார். மயிலாப்பூரில் கோயில் குளத்தை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவர். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பிரிவுக்கே தலைவர். அவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது அநியாயம்.

பல வருடங்களுக்கு முன் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு இரண்டு தடவை தள்ளிப்போனது. வாடிக்கையாளர்களுக்கு உங்கள் முகம் பழக்கமில்லை என்று அப்போதிருந்த அதிகாரி நேரடியாகவே சொல்லியிருக்கிறார். மனிதர் விடவில்லை. தனி ஆளாகப் புகார் எழுதி, கமிட்டி கமிட்டியாக ஏறி இறங்கி ஜெயித்தார். கம்பெனி சாசனத்தில் கையெழுத்துப் போட்டதே அதற்கு அப்புறம்தான். பாகுபாடு எதிர்ப்புக் கமிட்டிக்கு இன்றைக்கும் அவர்தான் தலைவர். வருடா வருடம் கேக் வெட்டுகிற நாளில் அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் கம்மிவிடும். அவர் நடிக்கவில்லை.

எனக்கு அவர் செய்த உதவியும் கொஞ்சமில்லை. என் கணவர் செந்திலுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, மூன்று வாரம் எங்கள் மகள் இனியாவை அவர் வீட்டில்தான் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். "நம்மாத்துக் கொழந்தை மாதிரி. நீ கவலப்படாம ஆஸ்பத்திரிக்குப் போ மஞ்சு" என்றார். அந்த வார்த்தைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

4

போன இலையுதிர் காலத்தில் இங்கே ஒரு வேலை காலியானது. வாடிக்கையாளர்களோடு பேசிச் சிக்கல்களைத் தீர்க்கும் வேலை. தேனாம்பேட்டைக் கிளையிலிருந்து சுகந்தி என்ற பெண் விண்ணப்பித்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஏழு வருடமாக இரவு ஷிப்டில் இதே வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசுகிறவள். மனுவில் நான் மறைக்க வேண்டியதையெல்லாம் மறைத்தேன். மூன்று பேர் கொண்ட குழு அதைப் பார்த்து அவளை முதலிடத்தில் வைத்தது. குழுவில் ஸ்ரீராம் சாரும் இரண்டு டச்சுக்காரர்களும். காணொளியில் நேர்காணல் நடந்தது. கூட்டக் குறிப்பு எழுத நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினாள். கேட்ட எதற்கும் அவள் தடுமாறவில்லை. டச்சுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். முடிகிற நேரத்தில் ஸ்ரீராம் சார், பாவம் பதற்றமாக இருப்பாள், இரண்டு வார்த்தை தாய்மொழியில் பேசிவிடுகிறேன் என்று அனுமதி கேட்டார். அவர்கள் மகிழ்ச்சியோடு கொடுத்தார்கள்.

"சென்னைல எங்கம்மா?"

"பெரும்பாக்கம் சார்."

"பெரும்பாக்கத்துல... அந்த ஹவுசிங் போர்டு ஃப்ளாட்ஸா?"

"ஆமா சார். எட்டு மாடி பில்டிங்கு."

"மொதல்லேர்ந்தே அங்கதானா? அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி அடையாறு ஆத்தோரம் சார். வெள்ளம் வந்துச்சு இல்ல, அப்பறம் அங்க வூடு குட்த்தாங்க."

"அப்பா என்ன பண்றார்?"

"கார்ப்பரேஷன்ல சார்."

"ஓ. எந்த டிபார்ட்மெண்ட்?"

"கன்சர்வன்சி சார்."

குப்பை அள்ளும் பிரிவைத்தான் கார்ப்பரேஷனில் அப்படிச் சொல்வார்கள். "குட், குட்" என்றார் அவர். பேனாவை மூடி வைத்தார். கண்டிப்பாகவோ ஏளனமாகவோ ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு கேள்வி வரும்போதும் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நான் கறுப்புப் பட்டை போட்டு மறைத்ததையெல்லாம் ஐந்து நிமிடத்தில் துடைத்து எடுத்துவிட்டார்.

டச்சுக்காரர்கள் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து இருப்பதன் இதத்துக்கு இவர்களிடம் ஹெஸெல்லிஹ் என்று ஒரு சொல் உண்டு. டீ குடித்தாலும் சொல்வார்கள், மெழுகுவத்தி ஏற்றினாலும் சொல்வார்கள். நான் கூட்டக் குறிப்பில், "கடைசி ஐந்து நிமிடம் தமிழில் ஹெஸெல்லிஹான உரையாடல், ஊர் நலம் விசாரிப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வரியை எழுதியது என் கைதான். இதை எந்த டச்சுக்காரியும் எழுதியிருக்க முடியாது. அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால், எதற்கு இத்தனை கேள்வி என்றாவது கேட்டிருப்பாள். முன்பின் தெரியாதவரிடம் எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பதை மரியாதை என்று பழகியவள் நான்.

5

நானும் மயிலாப்பூர்தான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அது பொய்யில்லை. பக்கிங்ஹாம் கால்வாய் மயிலாப்பூர் வழியாகத்தானே போகிறது. அதன் கரையில் இருந்த குடிசைகளில் ஒன்றில் நான் பிறந்தேன். அப்பா தண்ணித்துறை மார்க்கெட்டில் மீன்பாடி வண்டி மிதித்தார். பெயர்தான் மீன்பாடி. அவர் ஏற்றியதெல்லாம் காய்கறி மூட்டை. அம்மா சாந்தோமில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆயா. அந்தப் புண்ணியத்தில் எனக்கு அங்கே இலவச இடம் கிடைத்தது, ஆங்கிலமும் கிடைத்தது. நான் படிப்பை முடிக்கிற சமயத்தில் குடிசைகளை அகற்றி எங்களை ஊருக்கு வெளியே செம்மஞ்சேரிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். விடியற்காலை பஸ் பிடித்தாலும் பள்ளி மணி அடிப்பதற்குள் சாந்தோம் வர முடியாமல் அம்மா வேலையை விட்டார்.

ஹேக் வந்த முதல் வருடம் தமிழர்கள் சேர்ந்து பொங்கல் வைத்தார்கள். எந்த ஊர் என்று ஒரு அம்மாள் கேட்டார். மயிலாப்பூர் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "குளத்துக்குப் பக்கத்துலயா?" என்றார். நான் ஆமாம் என்றேன். அந்த ஒரு ஆமாமைக் காப்பாற்றத்தான் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது. ஸ்ரீராம் சார் வீட்டுக்குப் போகிற சனிக்கிழமைகளில் நான் மீன் பொரிக்க மாட்டேன். துணியில் வாசனை நின்றுவிடும். வடபழனிக்காரரான செந்தில் முதல் வருடம் கிண்டல் செய்தார், அப்புறம் அதையும் விட்டுவிட்டார். இனியாவிடமும் குளத்துக்குப் பக்கம் என்றுதான் சொல்லி வளர்த்தேன். பாட்டி ஏன் செம்மஞ்சேரியில் இருக்கிறார் என்று கேட்டபோது, அங்கே காற்று நன்றாக இருக்கும் என்றேன்.

ஊருக்குப் போனால் தி.நகரில் துணி எடுத்துவிட்டு ஆட்டோ கேட்பேன். போன டிசம்பரில் ஒருவர் என்னையும் பைகளையும் மேலும் கீழும் பார்த்தார்.

"செம்மஞ்சேரியா? அங்க உனுக்கு இன்னா மா வேல? ரிட்டன் கெடைக்காது. டபுளா குடு."

தெரிந்தவர்களைப் பார்க்கப் போகிறேன் என்று அவரிடமும் சொன்னேன். என் அம்மா இருக்கும் இடத்துக்குப் போக ஓர் ஆட்டோக்காரரிடம்கூட என்னால் உண்மை சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு வீம்பு, அப்படி ஒரு பயம்.

6

சுகந்தி தேர்வாகவில்லை. வாடிக்கையாளர் முன் நிற்கும் பக்குவம் போதாது, பேச்சு இன்னும் மெருகேற வேண்டும் என்று ஸ்ரீராம் சார் எழுதியிருந்தார். அவள் நாட்டைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும் என்று மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள். பட்டியலில் இரண்டாவதாக இருந்த போலந்துக்காரருக்கு வேலை போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான்.

நிராகரிக்கப்பட்டவர் காரணம் கேட்டால் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது சாசன விதி. சுகந்தி கேட்டிருந்தாள். நான்கே வரி. 'எந்த இடத்தில் குறை என்று சொன்னால் திருத்திக்கொள்வேன். ஆங்கிலமா, தொழில்நுட்பமா?' பதில் எழுத வேண்டியவள் நான். இரண்டு நாள் அந்தக் கடிதத்தைத் திறந்து திறந்து மூடினேன். மூன்றாம் நாள் காபி இயந்திரத்தின் அருகே ஸ்ரீராம் சாரைப் பிடித்தேன்.

"சார், அந்தத் தேனாம்பேட்டைப் பொண்ணுக்கு என்ன எழுதறது?"

"பாவம், கெட்டிக்காரி தான். ஆனா பேச்சைக் கேட்டியோன்னோ? வூடுங்கறா, குட்த்தாங்கங்கறா."

"வாடிக்கையாளர்கிட்ட இங்கிலீஷ்தானே சார் பேசப்போறா? ஏழு வருஷமா பேசிண்டுதானே இருக்கா?"

அவரிடம் பேசும்போது என் வாயிலும் அந்த 'ண்டு' வந்து ஒட்டிக்கொள்ளும். பழக்கமாகிவிட்டது.

"அதில்ல மஞ்சு. வளர்ந்த எடம்னு ஒண்ணு இருக்கோல்லியோ. நாளைக்கு ஒரு டின்னர், ஒரு மீட்டிங்னா அது வெளில வந்துடும். ஒனக்குத் தெரியாததா? நீ மயிலாப்பூர்."

காபி கையில் சுட்டது. நான் சிரித்து வைத்தேன்.

7

சிரித்தது மூன்று நாள் என்னை உறங்க விடவில்லை. கூட்டக் குறிப்பை முப்பது நாளுக்குள் திருத்தலாம், காரணம் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. திருத்தினால் அது தானாகவே புகாராகிக் கமிட்டிக்குப் போகும்.

புகாருக்கு ஒரு கணினிப் படிவம் உண்டு. காரணத்துக்கு ஒரு பட்டியல்: இனம், நிறம், நாடு, மதம், பால், வயது, உடற்குறை. நான் இனம் என்பதைத் தொட்டேன். பாதிக்கப்பட்டவர் எந்த நாடு என்றது, இந்தியா. பாதித்தவர் எந்த நாடு? இந்தியா. உடனே கட்டம் சிவப்பானது. 'நீங்கள் அளித்த விவரத்தைச் சரிபார்க்கவும்' என்று வந்தது. நானும் சரிபார்த்துச் சரிபார்த்துப் பார்த்தேன். இரண்டு பேரும் இந்தியர்களாகவே இருந்தார்கள்.

வேறு வழியில்லாமல், உலக நாடுகள் கூடி எழுதிய இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையையே எடுத்துப் படித்தேன். சாசனத்துக்கு அதுதான் மூலம். அதன் முதல் பிரிவில், இனம், நிறம் என்று வருகிற வரிசையில் வம்சாவளி என்றும் ஒரு சொல் இருக்கிறது. நம் ஊர்ச் சாதி அதற்குள் அடங்குமா அடங்காதா என்று நாடுகள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் கம்பெனிப் படிவத்தில் அந்தச் சொல் இடம் பெறவே இல்லை. இத்தனை பெரிய உலகம் கூடி எழுதிய சொல் எங்கள் கணினிக்கு வருவதற்குள் எப்படித் தொலைந்ததோ.

அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு மா இந்த வேல? நல்லா கீற நேரத்துல நீயே வாயக் குட்த்து மாட்டிக்கினு. அந்தப் பொண்ணு யாரு, நம்ம சொந்தமா?"

"இல்லம்மா. ஆனா நம்மள மாதிரிதான்."

"அதான் சொல்றேன். நம்மள மாதிரினு நீ சொன்னா அல்லாருக்கும் தெரிஞ்சிடும். நாளிக்கு உன் பொண்ணுக்குக் கண்ணாலம் காச்சி ஆவ வேணாமா? கம்முனு இரு."

அம்மா மேல் கோபப்பட எனக்குத் தகுதி இல்லை. பதினைந்து வருடம் நான் கம்மென்றுதானே இருந்தேன்.

படிவத்தில் 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இருநூறு சொற்கள் எழுதலாம். ஐந்து கேள்விகளையும் அப்படியே எழுதினேன். ஊரைக் கேட்டது எப்படிப் பாகுபாடாகும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கட்டம் கேட்டது. அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. 'நானும் அப்படிப்பட்ட ஒரு கரையிலிருந்து வெளியேற்றப்பட்டவள். இந்தக் கேள்விகளுக்குப் பதினைந்து வருடமாகப் பொய் சொல்லி வருகிறேன்.'

8

என் டச்சு சந்தைக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது. எழுதியதை அச்செடுத்துப் பிழை திருத்த இனியாவிடம் கொடுத்தேன். பதினான்கு வயது. தமிழில் பேசினால் பாதி டச்சில் பதில் சொல்கிறவள். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் எட்டுத் திருத்தம் போட்டாள். இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.

"அம்மா, இது நீயா?"

"ஆமா."

"குளத்துக்குப் பக்கத்துல இல்லையா?"

"கால்வாய்க்குப் பக்கத்துல."

கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் அப்படித்தான் செய்யும் என்று எங்கோ நினைத்துவைத்திருக்கிறோம்.

"ஸ்ரீராம் மாமா வீட்டுக்கு அவரோட அம்மா வந்திருந்தப்ப என்னைக் கேட்டாங்க. நான் குளத்துக்குப் பக்கம்னு சொன்னேன். என் ஸ்கூல்லயும் சொல்லியிருக்கேன், படமெல்லாம் காட்டி. என்னையும் பொய் சொல்ல வெச்சிருக்க. எனக்கே தெரியாம."

மிச்சத் திருத்தங்களைப் போட்டுவிட்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்தாள். ஒரு பிழைகூட விடவில்லை. இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு வலித்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

9

திருத்திய குறிப்பையும் படிவத்தையும் அனுப்பினேன். புகார் தன்னைப் பற்றியது என்பதால் ஸ்ரீராம் சார் விசாரணை முடியும்வரை கமிட்டியிலிருந்து முறைப்படி விலகி நின்றார். ஒருநாள் மதியம் என் மேசைக்கு வந்தார். சுற்றிலும் டச்சுக்காரர்கள் இருந்ததால் தாழ்ந்த குரலில் தமிழில் பேசினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மஞ்சு. நான் ஒன்னை எப்பவாவது வித்தியாசமா நடத்தியிருக்கேனா?"

"ஒங்களுக்குத் தெரியாதே சார்."

"தெரிஞ்சிருந்தா மாறியிருப்பேன்னு நெனைக்கறியா? என்னையா? இந்த ஊர்ல இதுக்காக நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியும்."

"தெரியும் சார். அதனாலதான் இன்னும் தாங்கல. அந்தப் பொண்ணு விஷயத்துல அஞ்சு நிமிஷத்துல மாறிட்டீங்களே."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எனக்குள் சேர்ந்த கோபத்துக்கெல்லாம் இவர் ஒருவரையே கழுமரத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவரை மன்னிக்கவும் மனம் வரவில்லை.

பிப்ரவரி கடைசியில் முடிவு வந்தது. நான்கு பக்கக் கடிதம். சம்பந்தப்பட்ட இருவரும் ஒரே நாட்டவர், ஒரே மொழியினர், ஆகவே இனப்பாகுபாடு என்ற கேள்வி எழவில்லை. வம்சாவளி என்ற சொல் குறித்துச் சட்டப் பிரிவு ஆராயும். குழுவில் இருவருக்குப் புரியாத மொழியில் நேர்காணலின் ஒரு பகுதி நடந்தது நடைமுறைத் தவறு, அதற்கு வருந்துகிறோம். இனிமேல் நேர்காணலில் டச்சும் ஆங்கிலமும் தவிர வேறு மொழி பேசக் கூடாது. வேலை ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிட்டது, அடுத்த வாய்ப்பில் விண்ணப்பதாரர் கருத்தில் கொள்ளப்படுவார்.

கடைசியில் பார்த்தால் தமிழைத்தான் குற்றவாளி ஆக்கியிருக்கிறார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் கழிப்பறைக்குப் போய் அழுதேன். அடுத்த மாதமே அந்தக் கேக் வந்தது. கமிட்டித் தலைவராக ஸ்ரீராம் சார்தான் வெட்டினார்.

10

முடிவை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். எனக்கு மனசு கேட்கவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, கேக் வெட்டிய அன்றைக்குத்தான் சுகந்தியைக் கூப்பிட்டேன். ஷிப்டுக்குப் போகிற வழியில், பெரும்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் வண்டிகளின் ஹாரன் கேட்டது. அவள் கேட்ட காரணத்துக்குப் பதிலாகத் திருத்திய கூட்டக் குறிப்பின் நகல் அவளுக்கும் போயிருந்தது, படித்திருந்தாள். நான் கடிதத்தின் சாரத்தைச் சொல்லி, கம்பெனி சார்பில் வருத்தமும் சொன்னேன். அடுத்த வாய்ப்பு வரும்போது நானே தகவல் சொல்கிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டாள்.

"தேங்க்ஸ் மேடம். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அன்னிக்கு ஓரமா உக்காந்து எழுதிக்கினு இருந்தது நீங்கதான?"

"நான்தான்."

"சார் கேட்டதெல்லாம் உங்களுக்குப் புரிஞ்சுச்சு இல்ல?"

"புரிஞ்சுது."

"அப்ப அங்கயே ஏன் மேடம் ஒண்ணும் சொல்லல? ரெண்டு பேர் வெள்ளக்காரங்க இருந்தாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே கேட்டிருப்பாங்க. வேலயும் காலியா இருந்துச்சு."

குறிப்பு எழுதுகிறவர் நேர்காணலில் குறுக்கிடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பயந்துட்டேன் சுகந்தி. நானும் அந்த மாதிரி எடந்தான்னு தெரிஞ்சுடுமோன்னு பயந்துட்டேன்."

பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஏறிவிடுவாள், தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"எனக்கும் பயமாதான் மேடம் இருந்துச்சு" என்றாள். "தி.நகர்னு சொல்லியிருந்தா யாரு வந்து பாக்கப் போறா? ஆனா, பெரும்பாக்கம்னுதான் சொன்னேன்."